நிஷி கசாயில் மகனோடு சேர்ந்து நான் கற்ற வீடியோ கேம்

"ஸ்விட்ச் மொத்தேரு?" என்றால் "ஸ்விட்ச் வச்சிருக்கியா?" என்று அர்த்தம். ஸ்விட்ச் என்பது நிண்டெண்டோ கம்பெனியின் வீடியோ கேம் கருவி. 2019 ஏப்ரலில் டோக்கியோவின் நிஷி கசாய் பகுதியில் அரசுத் தொடக்கப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பு சேர்ந்த என் மகனிடம், முதல் வாரத்தில் மட்டும் ஏழெட்டுப் பிள்ளைகள் இதைக் கேட்டிருக்கிறார்கள். பெயர், ஊர் எல்லாம் அதற்கப்புறம்தான். "இல்லை" என்று சொன்னதும் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது என்று சாயங்காலம் சொன்னான். அப்போது அவனுக்கு ஆறு வயது. ஜப்பானிய மொழி பாதிதான் புரியும். ஆனால் பேச்சு நின்றுபோவது புரிந்திருக்கிறது.

நான் அம்பாசமுத்திரத்தில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் கேம் என்றால் படிப்பைக் கெடுக்கிற சாமான், அவ்வளவுதான். நானும் அதே எண்ணத்தோடுதான் இங்கே குடித்தனம் நடத்தினேன். அவன் கேட்கும்போதெல்லாம் கதைப் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். ஒரு வருடம் அப்படியே ஓடியது. அந்த ஒரு வருடத்தை இப்போது நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது. இங்கே குழந்தையோடு வருகிற நம் ஆட்களுக்கு உதவும் என்றுதான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

2020 மார்ச் தொடக்கத்தில் கொரோனாவால் பள்ளிகளை மூடினார்கள். அதே மாதம் 20-ஆம் தேதி 'தோபுட்சு நோ மோரி' விளையாட்டின் புதிய பதிப்பு ஸ்விட்சுக்கு வந்தது. ஒரு தீவில் வீடு கட்டி, மரம் நட்டு, மீன் பிடித்து வாழ்கிற ஆட்டம். நண்பர்கள் அவரவர் வீட்டிலிருந்தே ஒருவர் தீவுக்கு இன்னொருவர் போய் வரலாம். வெளியே போக முடியாத பிள்ளைகள் அத்தனை பேரும் அந்தத் தீவுகளில் சந்தித்துக்கொண்டார்கள். என் மகன் பால்கனியில் நின்று எதிர் பிளாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் வாங்க முடிவு செய்தோம். கடைகளில் ஸ்விட்ச் இல்லை. குலுக்கல் முறையில் பெயர் விழுந்தவர்களுக்குத்தான் விற்றார்கள். ஐந்து கடைகளில் பெயர் கொடுத்து, ஜூலையில் ஒன்றில் விழுந்தது. வரியோடு 32,978 யென். ஆன்லைனில் சேர்ந்து விளையாட அப்போது வருடத்துக்கு 2,400 யென் சந்தா தனி.

எந்த ஆட்டம் வாங்குவது என்பதில் ஒரு தவறு செய்தேன். இணையத்தில் தேடி, மூளைக்கு நல்லது என்று போட்டிருந்த ஒரு புதிர் ஆட்டத்தை வாங்கி வந்தேன். அவன் இரண்டு நாள் ஆடிவிட்டு வைத்துவிட்டான். வகுப்பில் யாரும் அதை ஆடவில்லை. அதனால் முதலில் வகுப்பில் என்ன ஓடுகிறது என்று குழந்தையிடமே கேளுங்கள், அதை வாங்குங்கள். எங்கள் வகுப்பில் ஓடியது போகெமொன், நம் ஊரில் போக்கிமான் என்கிற, விநோதப் பிராணிகளைப் பிடித்துச் சேர்க்கிற ஆட்டம்.

போகெமொனின் கதையைத் தெரிந்துகொண்டபோதுதான் எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. அதை உருவாக்கிய சதோஷி தஜிரி சின்ன வயதில் டோக்கியோவின் புறநகரான மச்சிதாவில் பூச்சி பிடித்து வளர்ந்தவர். கேம் பாய் என்ற கையடக்க கேம் கருவிகள் இரண்டை இணைக்கிற ஒயரைப் பார்த்தபோது, அதன் வழியே பூச்சிகள் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போவது போல அவருக்குத் தோன்றியதாம். 1996 பிப்ரவரி 27-இல் சிவப்பு, பச்சை என்று இரண்டு பதிப்பாக வெளியிட்டார்கள். சிவப்பில் கிடைக்கும் சில பிராணிகள் பச்சையில் கிடைக்காது. சில பிராணிகள் இன்னொருவருக்குக் கைமாற்றினால்தான் அடுத்த வடிவம் எடுக்கும். அதாவது, பக்கத்தில் ஒரு ஆள் இல்லாமல் முழுசாக முடிக்க முடியாதபடியே அதைச் செய்திருக்கிறார்கள். ஸ்விட்சில் வந்த பெரும்பாலான பதிப்புகளும் அப்படித்தான். என் மகனிடம் அந்தப் பிள்ளைகள் கேட்டது பொருளைப் பற்றிய கேள்வி இல்லை. 'நீ எனக்கு ஜோடி சேர்வாயா' என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

அம்மாக்களுக்கு ஒரு விஷயம். போகெமொன் தொடங்கும்போது, ஹிரகானா என்ற எளிய ஒலி எழுத்தில் வேண்டுமா, சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்தில் வேண்டுமா என்று கேட்கும். ஹிரகானா எடுத்தால் சொற்களுக்கு நடுவில் இடைவெளி விட்டே வரும். பாடப்புத்தகத்தில் திணறிய எனக்கு அது பெரிய உதவி. மகன் தூங்கிய பிறகு தினமும் அரை மணி நேரம் ஆடினேன். ஆறு மாதத்தில் பள்ளியிலிருந்து வரும் நோட்டீஸை யார் உதவியும் இல்லாமல் படிக்கிற அளவுக்கு வந்தேன். கேமில் வரும் ஆட்கள் சும்மா பேசுகிற மொழியில் பேசுவார்கள். அலுவலகத்திலும் அதே மொழிதான். முடியவே முடியாத வேலையை 'முரிகே' என்பார்கள். ஜெயிக்க வழியே இல்லாத கேம் என்று பொருள். கடைசியாகக் கையெழுத்துப் போட வேண்டிய கண்டிப்பான மேலதிகாரி 'ரசுபோசு', லாஸ்ட் பாஸ், அதாவது கேமின் கடைசியில் வருகிற பெரிய எதிரி. ஐம்பது வயதுக்காரர்களும் மீட்டிங்கில் சாதாரணமாகச் சொல்கிற சொற்கள் இவை.

நேரக் கட்டுப்பாட்டில் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஷிகோகு தீவில் இருக்கிற காகவா மாகாணம் 2020 ஏப்ரலில் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 18 வயதுக்குள் இருப்பவர்கள் கேம் ஆடுவதைப் பள்ளி நாளில் 60 நிமிடம், விடுமுறையில் 90 நிமிடம் என்ற அளவில் பெற்றோர் வைத்துக்கொள்ளச் சொன்னது. மீறினால் தண்டனை எதுவும் கிடையாது. அந்த ஊர் மாணவர் ஒருவர் வழக்குப் போட்டார், 2022-இல் தகாமட்சு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நான் அந்த 60 நிமிடத்தை அப்படியே எடுத்து ஃபிரிட்ஜில் எழுதி ஒட்டினேன். மிமாமோரி என்று ஒரு ஆப் இருக்கிறது. அம்மாவின் போனிலிருந்து ஸ்விட்சின் நேரத்தைக் கட்டுப்படுத்தலாம். நேரம் முடிந்ததும் ஆட்டத்தை நிறுத்திவிடும்படி வைத்தேன். மூன்று நண்பர்களோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தபோது ஒருநாள் அது பாதியில் நின்றது. இவனால் மற்ற மூன்று பேரும் தோற்றார்கள். அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை.

அப்புறம் மாற்றினேன். ஆப் இப்போது மணி மட்டும் அடிக்கும். மணி அடித்தால், நடக்கிற சுற்றை முடித்து, சேவ் செய்துவிட்டு எழுந்திருக்க வேண்டும். ஆட்டத்தின் ஒரு சுற்று எவ்வளவு நேரம் என்பது அம்மா அப்பாவுக்குத் தெரிந்திருந்தால் இது நன்றாக வேலை செய்யும். தெரிந்துகொள்ள ஒரே வழி, கூட உட்கார்ந்து ஒரு தடவை ஆடுவதுதான். காகவாவின் கவலை எனக்குப் புரிகிறது, அது நியாயமானதுதான். ஆனால் வெறும் கடிகாரத்தை வைத்துக் குழந்தையை எழுப்ப முடியாது என்பதைத்தான் நான் கண்டேன்.

எங்கள் குடியிருப்பு யூஆர் என்ற அரசு சார்ந்த வீட்டு வாரியத்துடையது. வாடகைக்கு ஜாமீன் ஆள் கேட்க மாட்டார்கள், அதனால் இந்தியக் குடும்பங்கள் நிறைய. கீழ்த்தளத்தில் தனியாக இருக்கும் ஒரு பாட்டியை என் மகன் ஒபாச்சான் என்பான். 2021 ஜூலை 23, ஒலிம்பிக் தொடக்க விழா இரவு. கிரீஸ் அணி உள்ளே வரும்போது டிரம்பெட் ஒலித்தது. டிராகன் குவெஸ்ட் விளையாட்டின் இசை, கொயிச்சி சுகியாமா அமைத்தது. அடுத்தடுத்து அணிகள் வர வர, ஒவ்வொரு கேமின் இசையாக வந்துகொண்டே இருந்தது. நாட்டின் பெயர்ப் பலகைகள் காமிக்ஸில் வருகிற பேச்சுக் குமிழி வடிவத்தில் இருந்தன. உலகமே பார்க்கிற மேடையில் ஒரு நாடு தன் சங்கீதம் என்று எதை எடுத்து வைத்தது என்று பாருங்கள். எங்கள் ஜன்னலுக்குக் கீழேயிருந்து கைதட்டல் கேட்டது. பாட்டி.

மறுநாள் அவரிடம் கேட்டேன். 1988 பிப்ரவரி 10 காலையில் மகனுக்காக இகெபுகுரோவில் ஒரு கடை வாசலில் டிராகன் குவெஸ்ட் மூன்றாம் பாகத்துக்காகக் குளிரில் நின்றாராம். வரிசை தெரு திரும்பிப் போயிருந்ததாம். அன்று புதன்கிழமை, பள்ளி நாள். பள்ளிக்குப் போகாமல் வந்து நின்ற பிள்ளைகளைப் போலீஸ் பிடித்துத் திருப்பி அனுப்பியது அப்போது பெரிய செய்தி. நான்காம் பாகத்தை 1990-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் வெளியிட்டார்கள். "பையன் பள்ளிக்கூடம் போகணுமேன்னுதான் நான் போய் நின்னேன்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமை எனக்குப் புதிது. என் அம்மா எனக்காக நோட்டுப் புத்தகக் கடையில் நின்றதைச் சொல்வதுபோலச் சொன்னார்.

2022 ஜனவரி 2, புத்தாண்டு விடுமுறை. பாட்டி எங்களைக் கூப்பிட்டார். அவர் மகன், மருமகள், என் மகன் வயதிலேயே ஒரு பேரன். கொதாட்சு என்பது அடியில் ஹீட்டர் வைத்த தாழ்வான மேசை. அதன் மெத்தைக்குள் காலை விட்டுக்கொண்டு எல்லோரும் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தோம். டிவியில் மொமொதெட்சு போட்டார்கள்.

மொமொதெட்சு என்பது 1988-லிருந்து வருகிற ஆட்டம். முழுப்பெயர் மொமொதாரோ தென்தெட்சு, அகிரா சகுமா உருவாக்கியது. வெளிநாட்டில் இதைத் தெரிந்தவர்கள் அபூர்வம், ஜப்பானில் தெரியாதவர்கள் அபூர்வம். ஜப்பான் வரைபடம்தான் பலகை. ஆளுக்கொரு ரயில். தாயம் உருட்டினால் அத்தனை ஊர் நகரலாம். குலுக்கலில் ஒரு ஊர் வரும், அங்கே முதலில் போய்ச் சேர்பவருக்குப் பணம். போகிற வழியில் ஊர் ஊராகச் சொத்து வாங்கலாம். தகாமட்சுவில் உடோன் என்ற தடித்த நூடுல்ஸ் கடை, உட்சுனோமியாவில் கியோசா என்ற கொழுக்கட்டைக் கடை. ஒரு ஊரின் சொத்து முழுவதையும் வாங்கிவிட்டால் வருமானம் இரண்டு மடங்கு. ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் வருடக் கணக்கு முடிப்பார்கள், இந்த நாட்டு அலுவலகங்களைப் போலவே.

யாராவது போய்ச் சேர்ந்ததும், அந்த ஊருக்கு அதிகத் தூரத்தில் இருப்பவர் முதுகில் பின்போகமி ஏறிக்கொள்ளும். வறுமைத் தெய்வம். ஜப்பானியர்களின் பழைய நம்பிக்கையில் உள்ளது. மகன் "இது யாரும்மா?" என்று கேட்டபோது "மூதேவி" என்றேன், உடனே விளங்கிவிட்டது. ஏனென்றால் ஊரில் ஆச்சி அந்தச் சொல்லை வீட்டுக்குள் சொல்லவே விடமாட்டாள். ஆட்டத்தில் இந்த மூதேவி நம் சொத்தை நம்மைக் கேட்காமல் விற்கும், வேண்டாததை வாங்கும். இன்னொரு ரயிலைத் தாண்டிப் போனால் அவர் முதுகுக்கு மாற்றிவிடலாம். அதனால் மூதேவி இருப்பவரைக் கண்டால் எல்லோரும் ஓடுவார்கள்.

அன்று அது என் கணவர் முதுகில் ஏறியது. ஓசாகா பக்கம் என் ரயில். அவர் உருட்டினார், ஐந்து. சரியாக என்னைத் தாண்டிப் போய் நின்றார். கொதாட்சுவில் ஒரே கூச்சல். அதுவரை எங்களோடு தலைகுனிந்து வணக்கம் சொல்வதைத் தாண்டிப் பேசியிராத பாட்டியின் மகன், என் கணவர் முதுகில் தட்டிச் சிரித்தார். ஐந்து வருடம் எலிவேட்டரில் அக்கம்பக்கத்தாரிடம் "குளிரா இருக்கு இல்ல" என்று மட்டும் சொல்லிக்கொண்ட மனிதர்கள் நாங்கள். மூன்று மணி நேரத்தில் பாட்டியின் மகன் தன் அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றியெல்லாம் பேசினார். கை ஏதோ ஒன்றில் இருக்க, கண் டிவியில் இருக்க, வாய் தானாகத் திறக்கிறது. எங்கள் ஊர்த் திண்ணையில் சாக்பீஸால் கட்டம் போட்டுத் தாயம் ஆடும்போது அத்தைமார் குடும்பக் கதை பேசுவது அப்படித்தான்.

பாட்டிதான் ஜெயித்தார். ஷிகோகு முழுக்க அவர் சொத்து.

இங்கே புதிதாக வருபவர்களிடம் நான் சொல்வது: அக்கம்பக்கத்தோடு பழக வேண்டுமென்றால் மொமொதெட்சு ஒன்று வாங்கி வையுங்கள். நான்கு பேர் ஆடலாம், மொழி கொஞ்சம் தெரிந்தால் போதும். 99 வருட ஆட்டம் எடுக்காதீர்கள், நாள் கணக்கில் போகும். மூன்று வருடம் எடுத்தால் ஒரு மாலைக்குச் சரியாக இருக்கும்.

இந்தச் செய்தி ஊருக்குப் போனதும் அம்மா போனில் கேட்டாள், "ஏட்டி, பிள்ளைய டிவி முன்னால உக்கார வச்சிட்டியா?" மூன்று தலைமுறை உட்கார்ந்து தாயம் ஆடினோம் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "யாரு ஜெயிச்சா?" என்றாள்.

2023 வசந்த விடுமுறையில் மகன் காகவா போக வேண்டும் என்றான். டிஸ்னிலாண்டும் வேண்டாமாம், ஒசாகாவும் வேண்டாமாம். ஷின்கான்சென்னில் ஒகயாமா வரை போய், மரின் லைனர் ரயிலில் செதோ பெரும்பாலம் வழியாகக் கடலைக் கடந்தோம். ஒகயாமா வந்ததும் "கிபிதாங்கோ" என்று அந்த ஊர் இனிப்பின் பெயரைச் சொன்னான். அவன் அதைச் சாப்பிட்டதே இல்லை, ஆனால் அந்தக் கடையை நூறு தடவை வாங்கி விற்றிருக்கிறான். காகவாவில் தேடியது சாக்கடை மூடி. போகெமொன் படம் போட்ட இரும்பு மூடிகளை ஊர் ஊராகத் தெருவில் பதிக்கிறார்கள். 2018-இல் ககோஷிமாவின் இபுசுகியில் தொடங்கியது. ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. காகவா உடோனுக்குப் பேர்போனது. யாதோன் என்ற சோம்பேறிப் பிராணியின் பெயர் உடோனோடு ஒத்துப்போவதால், மாகாண அரசே அதைத் தன் விளம்பரத் தூதராக்கிவிட்டது. கேமுக்கு நேரம் குறித்த அதே மாகாணம். மகன் மூடியின் அருகில் குந்தி, விரலால் யாதோனின் முகத்தைத் தடவிப் பார்த்தான். அந்தப் பக்கம் போன முதியவர் ஒருவர் நின்று, அடுத்த மூடி எங்கே இருக்கிறது என்று வழி சொன்னார்.

கேம் சென்டர் பற்றிச் சுருக்கமாக. டோக்கியோவில் 16 வயதுக்குள் இருப்பவர்கள் பெற்றோரோ காப்பாளரோ துணையின்றி மாலை 6 மணிக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது. பொம்மை தூக்குகிற கிரேன் மெஷினுக்குப் பெரும்பாலும் ஒரு தடவைக்கு 100 யென். நாங்கள் ஒருமுறை 3,000 யென் போட்டோம், பொம்மை அசையவே இல்லை. மகன் அழ ஆரம்பித்ததும் அங்கே வேலை செய்யும் பெண் தானாகவே வந்து கண்ணாடியைத் திறந்து, பொம்மையை ஓரத்துக்கு நகர்த்தி வைத்து, எங்கே பிடிக்க வேண்டும் என்று காட்டினார். கேட்டால் பெரும்பாலான இடங்களில் செய்கிறார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். உள்ளே இருக்கும் பரிசின் மதிப்பு தொழில் விதிப்படி சுமார் 1,000 யென்தான். எவ்வளவு போடுவது என்பதை அந்தக் கணக்கு வைத்துக் கதவுக்கு வெளியிலேயே முடிவு செய்யுங்கள். பின்னால் யாராவது காத்திருந்தால் தொடர்ந்து காசு போட்டுக்கொண்டே இருப்பது மரியாதை இல்லை.

காச்சா விஷயத்தில் மட்டும் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. காசு போட்டால் என்ன வரும் என்று தெரியாத குலுக்கல், போன் கேம்களில் இருப்பது. மகன் நான்காம் வகுப்பில் இருந்தபோது என் பழைய போனில் ஒரு ஆட்டத்தில் 18,000 யென் போய்விட்டது. கார்டு எண்ணை நான்தான் அழிக்காமல் விட்டிருந்தேன். அவனுக்கு அது நிஜப் பணம் என்றே தெரியவில்லை. 188 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். சிறுவர்கள் பெற்றோர் சம்மதமில்லாமல் செய்த வாங்குதலை ரத்து செய்யக் கேட்கலாம் என்று பொறுமையாக விளக்கினார்கள். என்ன நடந்தது என்று தேதி வாரியாக எழுதி அனுப்பினேன், ஒன்றரை மாதத்தில் பணம் திரும்பி வந்தது. எல்லோருக்கும் வரும் என்று சொல்ல முடியாது. குழந்தை கையில் தரும் போனில் கார்டு இருக்கக் கூடாது, வாங்கும்போது கடவுச்சொல் கேட்க வேண்டும். இதை இன்றைக்கே செய்யுங்கள்.

போன வருடம் பாட்டி அலமாரியைக் காலி செய்தபோது ஒரு நோட்டைக் கொண்டுவந்தார். பக்கம் பக்கமாகப் பென்சிலில் ஹிரகானா எழுத்துகள், சொல்லாகச் சேராத எழுத்துகள். 1986-இல் வந்த முதல் டிராகன் குவெஸ்டில் சேவ் செய்கிற வசதி கிடையாது. ஆட்டத்தை நிறுத்தும்போது ராஜா 20 எழுத்தில் ஒரு மந்திரம் சொல்வார். அதை எழுதி வைத்து மறுநாள் அடிக்க வேண்டும். ஒரு எழுத்து பிசகினாலும் போயிற்று. பாட்டியின் கணவர் வேலை முடிந்து வந்து, பையன் தூங்கியபின் ஆடுவாராம். அவர் திரையைப் பார்த்துச் சொல்ல, பாட்டி எழுத, அப்புறம் இரண்டு பேருமாக ஒருமுறை சரிபார்ப்பார்களாம். அவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது.

அந்த மந்திரத்துக்குள்ளேயே ஆட்டத்தின் நிலை முழுவதும் அடங்கியிருக்கிறது, கேசட்டில் எதுவும் பதிவதில்லை. அதனால் முதல் டிராகன் குவெஸ்டின் எந்தக் கேசட்டிலும் அது இன்றும் வேலை செய்யும். பழைய சாமான் கடையில் கேசட் வாங்கினோம். அந்தக் கேசட்டைப் போட்டு ஆடுகிற பழைய கேம் கருவி ஃபேமிகாம். அதை வாங்குபவர்கள் 1993-இல் வந்த வெள்ளை நிற மாடலைக் கேட்டு வாங்குங்கள். 1983-இன் பழைய மாடல் ஆன்டெனா வழியாகத்தான் டிவியோடு சேரும், இப்போதைய டிவியில் அது எடுக்காது. வெள்ளை மாடலுக்கு மஞ்சள் ஒயரைக் குத்த ஒரு துளை இருந்தால் போதும்.

மகன் நோட்டின் கடைசி மந்திரத்தை ஒவ்வொரு எழுத்தாக அடித்தான். மந்திரம் தவறு என்று வந்தது. மறுபடி அடித்தான், மறுபடி தவறு. நான் நோட்டை விளக்குக்குப் பக்கத்தில் பிடித்தேன். ஹிரகானாவில் 'நு'வும் 'மெ'யும் ஒன்று போலவே இருக்கும், 'நு'வின் வாலில் மட்டும் ஒரு சுழி. இரண்டு சுழி ன, மூன்று சுழி ண என்று எனக்கு ஆச்சி எண்ணக் கற்றுக்கொடுத்தது போல, பென்சில் கோட்டை மெல்லப் பின்தொடர்ந்தேன். ஏழாவது எழுத்தில் சுழி இருந்தது, பாதி அழிந்து.

அடித்தான். இசை மாறியது, ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தார். வீரனின் பெயரைச் சொல்லி வரவேற்றார். மூன்று எழுத்துப் பெயர், பாட்டியின் பெயர். அவர் அதைத் திரையில் பார்ப்பது அதுதான் முதல் தடவையாம். அந்த நாட்களில் அவர் கண் எப்போதும் நோட்டில்தான் இருந்திருக்கிறது.

அடுத்த லெவலுக்கு இன்னும் எவ்வளவு அனுபவப் புள்ளி வேண்டும் என்று ராஜா சொல்லிக்கொண்டிருந்தார். மகன் கையை எடுத்துவிட்டு பாட்டியைப் பார்த்தான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவனிடமிருந்து கன்ட்ரோலரை வாங்கினார்.